குழிக்குப் பின்னால்

ஆசிரியர் சங்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். மலர் போடுகிறார்களாம். விளையாட்டு வழியாகக் கணக்கு என்று இப்போது மேலிடத்தில் ஒரு பயிற்சி கொடுக்கிறார்களாம். இந்தப் பக்கத்தில் அதை முதலில் செய்தவர் நீங்கள்தானாமே, நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். படிக்கிறவர்களுக்கு உற்சாகம் வருகிற மாதிரி இருக்கட்டும் என்று ஒருவன் சொன்னான். காப்பி கொடுத்து அனுப்பினேன். உற்சாகத்துக்கு நான் எங்கே போவேன்? நடந்ததை எழுதுகிறேன். போட்டால் போடட்டும், இல்லையென்றால் பொட்டலம் கட்டட்டும்.

நான் வில்லியனூர்க்காரன். அப்பா தேரடியில் அவல் பொரி விற்றார். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் படித்து, புதுச்சேரிப் பட்டணத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். அந்தப் பயிற்சியில் கரும்பலகையில் கோணாமல் எழுதவும், மேலதிகாரி வந்தால் சட்டென்று எழுந்து நிற்கவும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் பிள்ளைகளிடம் கற்றதுதான். முதல் வேலையே பாகூர் ஏரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பெரிய குடும்பத்தார் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் என்பது ஒரு கூரைக் கொட்டகை, முன்னால் ஒரு மைதானம், அவ்வளவுதான். அதற்கு இடம் கொடுத்தவர் நடேசன். ஊரில் 'பெரிய வூட்டுக்காரர்' என்றால் அவர்தான். கொம்மூன் என்று சொல்லும் ஊராட்சிச் சபையில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. மைதானத்தைச் சுற்றி மூன்று பக்கமும் அவர் நிலம். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் நெல், தெற்கே வரப்பை ஒட்டி நாற்றங்கால். வாத்தியாரை அந்தக் காலத்தில் எல்லாரும் 'மிசே' என்று கூப்பிடுவார்கள். பெரிய வீட்டுக்காரரும் என்னை மிசே என்றுதான் கூப்பிட்டார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் சேரிப் பிள்ளைகள். பின் சுவரோரம் தனியாக உட்காருவார்கள். நான் வருவதற்கு முன்பிருந்தே அந்த ஏற்பாடு. பிரெஞ்சுச் சட்டத்தில் எல்லாரும் சமம் என்று எழுதியிருந்தது. சட்டம் பட்டணத்து பீரோவுக்குள் இருந்தது, பிள்ளைகள் சுவரோரம் இருந்தார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், சர்த்திபிகா பரீட்சைக்குப் பாடத்தில் ஒரு புதுப் பகுதியைச் சேர்த்தார்கள். சர்த்திபிகா என்பது ஆரம்பப் பள்ளி முடிப்பவர்களுக்கு சர்க்கார் தரும் பத்திரம். அது இருந்தால் மேலே படிக்கலாம், சர்க்கார் கடைநிலை வேலைக்காவது போகலாம். புதுப் பகுதி இன்னதென்றால், பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண்கள். அதைக் கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும்.

பாடப் புத்தகம் பிரான்சு நாட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டது. அதில் ஒரு வீடு, கூரையெல்லாம் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி, ஜன்னலில் ஒரு உஷ்ணமானி. குளிர் காலத்தில் பாதரசம் பூச்சியத்துக்குக் கீழே ஐந்து பாகை இறங்கியது, மறுநாள் மூன்று பாகை ஏறியது, இப்போது எவ்வளவு? எங்கள் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். பனிக்கட்டி என்றால் என்ன என்று விளக்குவதற்குள்ளாகவே மணி அடித்துவிட்டது.

கொம்மூன் ஆபீசில் சொல்லி ஒரு உஷ்ணமானி வாங்கி வந்து தூணில் மாட்டினேன். புத்தி கெட்டவன் நான்! பாகூர்ப் பக்கத்து வெயிலில் பாதரசம் எங்கே கீழே இறங்கப் போகிறது? பிள்ளைகள் காலையும் மாலையும் போய்ப் போய்ப் பார்த்தார்கள். மார்கழிப் பனியில் மாட்டுக் கொட்டாயில் கட்டி வைத்தால் இறங்குமா மிசே என்று கேட்டான் ஒருவன். இன்னொருவன் யாருக்கும் தெரியாமல் குடிதண்ணீர்ப் பானைக்குள் போட்டுப் பார்த்திருக்கிறான். அத்தோடு அது உடைந்து போயிற்று. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

கில்லி ஆட்டம் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான். புத்தகத்தில் கிட்டிப்புள் என்று எழுதுவார்கள். தரையில் ஒரு சின்னக் குழி, கையில் நீளக் கோல், இரண்டு முனையும் சீவிய சின்னக் கட்டை ஒன்று, அதுதான் கில்லி. கில்லியின் முனையைத் தட்டி எழுப்பி, எழும்பியதும் ஓங்கி அடிக்க வேண்டும். விழுந்த இடத்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கோலால் அளந்தால் அத்தனை கோல் கணக்கு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த ஊர்ப் பையன்களிடம் கூடுதலாக இரண்டு சட்டம் இருந்தது. கில்லி கை தவறிக் குழிக்குப் பின்னால் போய் விழுந்தால் அது பின்னடி. அந்தத் தூரத்தையும் அளந்து கணக்கில் கழிப்பார்கள். எதிராளி கைக்கு வந்த கில்லியை நழுவவிட்டால், ஆடுகிறவன் தன் பின்னடிகளில் ஒன்றை அழித்துக்கொள்ளலாம்.

ஒரு சாயங்காலம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வீட்டுக்காரர் மகன் சம்பந்தம் ஆடிக்கொண்டிருந்தான். முன்னால் மூன்று, பின்னால் ஐந்து. "ரெண்டு பின்னாடி நிக்கிறன்டா" என்றான், ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. எதிராளி கில்லியை நழுவவிட்டான். "என் பின்னடி அஞ்ச அழிச்சாச்சி, இப்ப மூணு" என்றான். எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. பட்டணத்துப் பெரிய பள்ளியில் வாத்தியார்கள் குறை எண்ணைக் கழித்தால் கூடும், குறையைக் கழித்தால் கூடும் என்று மந்திரம் மாதிரி ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பயல் அதை மூக்கு ஒழுகிக்கொண்டே செய்கிறான்.

மறுநாளே மைதானத்தின் நடுவில் ஒரு குழி வெட்டினேன். குழிதான் பூச்சியம். முன்பக்கம் ஒரு கோடு, பின்பக்கம் ஒரு கோடு, இரண்டிலும் கோல் கோலாகக் குறி. அடி, அள, ஓடி வந்து சிலேட்டில் எழுது. ஒரு வாரத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் தண்ணீர் பட்ட பாடாகச் செய்தார்கள்.

சேரிப் பிள்ளைகள்தான் சிக்கினார்கள். முன் மூன்று, பின் ஐந்து, விடை என்ன என்று கேட்டால் ஏழெட்டுப் பேரும் பூச்சியம் என்று எழுதினார்கள். ஒருவன் எழுதினால் தப்பு. எல்லாரும் ஒரே மாதிரி எழுதினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அவர்களில் துடியானவன் அங்காளன். பன்னிரண்டு வயது இருக்கும். கண்ணை எடுக்காமல் பலகையைப் பார்ப்பான். அவனைக் கேட்டேன். "பின்னாடி வுழுந்தா ஆட்டம் போச்சி மிசே. எல்லாம் பூச்சியம்" என்றான். ஏன்டா என்றால், அப்படித்தான் என்றான்.

அன்று மாலை அவர்கள் ஆடுகிற இடத்தைப் பார்க்கப் போனேன். சேரியின் கடைசி வீட்டுக்கும் பெரிய வீட்டுக்காரர் வயலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம், வண்டிப் பாதை அகலம்கூட இருக்காது. குழி வரப்பை ஒட்டி இருந்தது. முன்னால் தெருவின் நீளத்துக்கு அடிக்கலாம். பின்னால் ஒரு சாண்கூட இல்லை, உடனே வயல். கில்லி அதில் விழுந்தால் எடுக்க முடியாது. இறங்கினவன் முதுகு பழுத்துவிடும். புதுக் கில்லி சீவிக்கொண்டு ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குவார்கள். பின்னால் இடமே இல்லாத பிள்ளைகளுக்குப் பின்னடிக் கணக்கு எங்கிருந்து வரும்? புத்தகம் போட்டவனுக்கு எங்கள் ஊர் வெயில் தெரியாது. எனக்கு அந்த வரப்பு தெரியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு மைதானத்தில் தனி வரிசை கிடையாது என்று சொல்லிவிட்டேன். உள்ளே சுவரோரம், வெளியே எல்லாரும் ஒரே குழி. ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. பெரிய வீட்டுக்காரரே, புள்ளைங்க ஆட்டம்தான, ஆடட்டும் வுடு என்று சொல்லி அடக்கிவிட்டார். முதல் நாள் அங்காளன் குழிக்குப் பின்பக்கம் காலை வைக்கவே தயங்கினான். அங்கே வெறும் மண்தான், மைதானத்து மண். ஒரு கோல் வைத்தான், திரும்பி என்னைப் பார்த்தான், இரண்டாவது கோல் வைத்தான். நாலு நாளில் எல்லாரையும் தாண்டிவிட்டான். கணக்கில் அப்படி ஒரு பையனை நான் பிறகும் பார்த்ததில்லை. தூரத்தைக் கண்ணால் பார்த்தே கோல் எண்ணிக்கை சொல்வான். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

அவன் அப்பன் காத்தான் பெரிய வீட்டில் படியாள். வருஷம் முழுக்க உழைத்துப் படி நெல் வாங்குகிற ஆள். காத்தானின் அப்பனும் அங்கேதான் உழைத்துச் செத்தான். மகனுக்குப் பன்னிரண்டு வயதானால் மாட்டுக் கொட்டாய்க்கு அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறினதும் இல்லை. பட்டணத்தில் ஒரு விடுதி இருந்தது. சர்த்திபிகா தேறிய ஏழைப் பிள்ளைகளை எடுத்துச் சோறு போட்டுப் படிக்க வைப்பார்கள். அங்காளனுக்கு அங்கே இடம் கேட்டு வைத்தேன். சர்த்திபிகாவோடு வரட்டும் என்றார்கள்.

காத்தானை அழைத்துக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். காத்தான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாட்டுத் தொழுவத்தருகே நின்றான். பெரிய வீட்டுக்காரர் வெற்றிலையை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார்.

"தேறுனா போவட்டும் மிசே, நான் இன்னா குறுக்க நிக்கப் போறனா? தேறலன்னா சித்திர பொறந்ததும் மாட்டுக் கொட்டாய்க்கு வந்துடணும். இன்னாடா காத்தா?"

"செரிங்க ஆண்டே" என்றான் காத்தான். வழியில் அவன் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில், "பய தேறிடுவானா மிசே?" என்று கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு தேறுவான் என்றேன். அங்காளன் தேறாவிட்டால் வேறு எவனும் தேற மாட்டான்.

பரீட்சை பங்குனிக் கடைசியில் வந்தது. எழுத்துப் பரீட்சை முன்பே முடிந்திருந்தது. அங்காளன் நன்றாக எழுதியிருந்தான். வாய்மொழிக்கு இன்ஸ்பெக்டரே ஊருக்கு வந்தார். அதில் ஒரு விதி உண்டு. எந்தப் பாடத்திலாவது பூச்சியம் வாங்கினால், மற்றவற்றில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் போச்சு, தேற முடியாது.

இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தமிழர்தான். பட்டணத்தில் வெள்ளைக்காரத் தெருவையடுத்து வீடு. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, தலையில் நெட்டித் தொப்பி. வந்ததும் உட்கார மாட்டார். கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைப்பார், கைக்குட்டையை நாலாக மடிப்பார், பிறகு உட்காருவார். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். பள்ளிக்கூடத்து மையைத் தொட மாட்டார், சொந்தப் பேனா. பிள்ளைகளை அதட்டினதே இல்லை. சரியாகச் சொன்னால் 'பியேன், பியேன்', நன்று நன்று என்று மெதுவாகச் சொல்லி மதிப்பெண் போடுவார். தப்பாகச் சொன்னாலும் கோபம் கிடையாது. பேனாவின் மூடியை எடுத்துத் திருகி மூடுவார். மூடிவிட்டால் அந்தப் பையன் கதை முடிந்தது. மறுபடி திறந்து நான் பார்த்ததில்லை. லஞ்சம் வாங்காதவர், யாருக்கும் சலுகை காட்டாதவர். இன்றைக்கும் அவரை நேர்மையானவர் என்றுதான் சொல்வேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் கில்லியை வைத்துக் கணக்குச் சொல்லித்தருவது அவர் காதுக்கு எட்டியிருந்தது. வாய்மொழியை மைதானத்திலேயே நடத்திப் பார்க்கலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்காளன் சீவிய கில்லி, அங்காளன் ஓடிப் பழகிய மைதானம். இனி என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் வருகிறார் என்று பெரிய வீட்டுக்காரர் ஆட்களை விட்டு மைதானத்தின் நடுவில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார். பந்தலுக்குள் மேசை, இரண்டு நாற்காலி, இளநீர்க் குலை. ஒரு நாற்காலி இன்ஸ்பெக்டருக்கு, ஒன்று பெரிய வீட்டுக்காரருக்கு. சரியாக எங்கள் குழியின்மேல் மேசைக்கால் நின்றது. வேறு இடத்தில் குழி வெட்ட வேண்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் பேனாவால் தெற்குப் பக்கத்தைக் காட்டினார். அது வரப்பை ஒட்டிய இடம். அங்கே வேண்டாம், பின்பக்கம் நாற்றங்கால் இருக்கிறது என்று சொன்னேன்.

"பின்னால் திறந்த வெளிதானே மிசே. நல்லதாகப் போயிற்று" என்றார்.

வெள்ளைக் கோட்டுக்குள் இருந்து பார்த்தால் நாற்றங்கால் திறந்த வெளிதான். மேலே பேச வாயெடுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய வீட்டு ஆள் கடப்பாறையால் இரண்டு குத்துக் குத்திக் குழி வெட்டிவிட்டான்.

பரீட்சைக்கு நின்றது மூன்று பையன்கள். ஒவ்வொருவனும் ஒரு முன்னடி, ஒரு பின்னடி அடிக்க வேண்டும். இரண்டையும் அளந்து கூட்டிச் சொல்ல வேண்டும். பிறகு பின்னடியை அழித்தால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். முதல் பையனின் பின்னடி வரப்பிலேயே தடுக்கி நின்றது. சுலபமாக முடித்தான். பியேன்.

அடுத்து சம்பந்தம். அவன் பின்னடி வரப்பைத் தாண்டி நாற்றுக்குள் விழுந்தது. அவன் தடதடவென்று இறங்கி, நாற்றை மிதித்துக்கொண்டே கோல் வைத்து அளந்தான். "பாத்துடா, நாத்து" என்று பந்தலிலிருந்து அப்பா சிரித்தார். பின்னடி நாலு என்று மகன் கத்தினான். கூட்டினான், அழித்தான், சரியாகச் சொன்னான். பியேன், பியேன். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல பையன், நன்றாகப் படித்தவன்.

மூன்றாவது அங்காளன். காத்தான் வேலிக்கு வெளியே பூவரச மரத்தடியில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அங்காளனின் முன்னடி பந்தலை நோக்கிப் போய் விழுந்தது. ஓடி அளந்தான், எட்டு. திரும்பி வந்து பின்னடிக்குத் தட்டினான். கில்லி அவன் தோளுக்கு மேலே எழும்பிப் பின்னால் போய் நாற்றங்காலில் விழுந்தது.

கோலோடு ஓடினான். வரப்பில் ஏறியதும் நின்றுவிட்டான்.

கில்லி விழுந்த இடம் அவனுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது, நாற்றுக்கு நடுவில் தண்ணீரில் ஒரு சின்ன வளையம். அவன் அதைப் பார்த்தான். பிறகு பந்தலைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரை அல்ல, பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். பெரிய வீட்டுக்காரர் இளநீரைக் கையில் வைத்திருந்தார். அவரும் அவனைப் பார்த்தார். எறங்குடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையை அசைத்திருந்தாலே போதும். அவர் இளநீரைக் குடித்தார்.

அளக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அங்காளன் அசையவில்லை. சரி, எத்தனை கோல் என்றாவது சொல் என்றார்.

"ஒண்ணுமில்லிங்க துரை" என்றான்.

"ஒன்றுமில்லை என்றால்? பூச்சியமா?"

"ஆமாங்க. ஆட்டம் போச்சிங்க."

நான் பொறுக்க மாட்டாமல் முன்னால் போய், அது அப்படியில்லை, பையனுக்கு நன்றாகத் தெரியும், இறங்க முடியாமல்தான் நிற்கிறான் என்று படபடவென்று சொன்னேன். அத்தோடு நிற்காமல் அவன் கையிலிருந்த கோலை வாங்கி நானே இறங்கி அளக்கப் போனேன். இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். குரல் ஏறவில்லை.

"மிசே, பரீட்சை உமக்கல்ல" என்றார்.

பேனா மூடியை எடுத்துத் திருகினார்.

இந்தக் கதையை எப்போது சொன்னாலும் கேட்கிறவர்கள் இந்த இடத்தில் பெரிய வீட்டுக்காரரைத்தான் திட்டுவார்கள். திட்டட்டும். அன்று மாலை நானும் திட்டத்தான் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா என்று கேட்டேன். அவர் நிஜமாகவே திகைத்தார்.

"நான் எறங்காதன்னு சொன்னனா மிசே? வாயத் தொறக்கலியே."

உண்மைதானே? திறக்கவில்லையே! அவர்மேல் எந்தக் கோர்ட்டிலும் வழக்கு நிற்காது. அவர் வாயைத் திறக்காமலே நடக்கிற மாதிரி எல்லாவற்றையும் அவருடைய பாட்டன் பூட்டன் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டரையும் விடவில்லை. மறுவாரம் பட்டணத்துக்குப் போய் அவர் ஆபீசில் காத்திருந்து பார்த்தேன். முழுவதும் சொன்னேன். சேரியில் அந்தப் பிள்ளைகள் ஆடுகிற இடம், குழிக்குப் பின்னால் வரப்பு, வரப்புக்குப் பின்னால் யார் நிலம், எல்லாம். நடுவில் குறுக்கிடாமல் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு நம்பிக்கைகூட வந்தது. மறுபடி ஒரு முறை, இந்த மேசையிலேயே, இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்றேன்.

"நிலம் யாருடையது என்பது கணக்கில் வராது மிசே" என்றார். பிறகு, என் முறை மிகவும் புதுமையானது என்றும், எனக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். கைகூடக் கொடுத்தார். நான் வெளியே வந்து கடற்கரை வரைக்கும் நடந்து, அங்கே யாருமில்லாத இடத்தில் நின்று கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். வேறென்ன என்னால் முடியும்?

காத்தானிடம் போய் அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம் என்று சொன்னேன். "ஒத்துக்கினது நானு மிசே. பேச்சு மாறக் கூடாது" என்றான். சித்திரை முதல் நாள் அங்காளன் மாட்டுக் கொட்டாய்க்குப் போனான். அவன் பையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, பள்ளிக்கூடத்துப் புஸ்தகம் இதில் இருக்கிறது, கிழியவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

ஆடியில் சுற்றறிக்கை வந்தது. கொம்மூன் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போயிருந்தது. பூச்சியத்துக்குக் கீழ்ப்பட்ட எண்களைக் கிட்டிப்புள் ஆட்டத்தின் மூலம் கற்பிக்க வேண்டும் என்றும், இன்ஸ்பெக்டர் அவர்கள் நேரில் கண்டறிந்து வகுத்த முறை என்றும் போட்டிருந்தது. கூடவே ஒரு படம். நடுவில் குழி, முன்னும் பின்னும் அழகாகக் கோல் குறிகள். படத்துக்கு அடியில், குழிக்குப் பின்புறம் போதிய திறந்த வெளி இருக்குமாறு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு குறிப்பு. என் பெயர் இல்லை என்று சக ஆசிரியர்கள் எனக்காக வருத்தப்பட்டார்கள். என் பெயர் யாருக்கு வேண்டும்? அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

முறை பரவியது. இந்த மலர்க்காரர்கள் இப்போது புதிதாகக் கற்றுக்கொண்டு வந்திருப்பதும் அதே முறைதான். நல்ல முறை. நானும் ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன செய்வான்? நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் விடை சொல்லும்போதெல்லாம் சரிதான் என்பேன். மனதுக்குள் ஒரு மண்ணும் இருக்காது.

அதே வருஷம் ஆவணியில் ஒரு நாள் மத்தியானம். பிள்ளைகள் சோறு தின்னப் போயிருந்தார்கள். பள்ளிக்குத் தெற்கே நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் கரையேறிக் கஞ்சிக்குப் போன பிறகும் ஒரு உருவம் மட்டும் குனிந்தபடி நின்றது. அங்காளன். முழங்கால் வரை சேறு. அன்று கில்லி விழுந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்று நாற்றைப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். இதைக் கேட்கவே கூடாது என்றுதான் அவ்வளவு நாளும் இருந்தேன். வாய் நிற்கவில்லை. வரப்பில் நின்றுகொண்டு கேட்டேன்.

"ஏன்டா, அன்னிக்கி இதே சேத்துல ஒரு காலு வெச்சிருந்தா இன்னாடா?"

அவன் நிமிர்ந்தான். வருத்தமோ கோபமோ முகத்தில் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

"வேலைக்கின்னா எறங்கலாம் மிசே. ஆட்டத்துக்கு எறங்குனா எங்கப்பனுக்குத்தான அடி வுழும்" என்றான். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "எறங்காட்டியும் தெரியும். வரப்புல நின்னே பாத்துட்டேன். ஆறு. கூட்டுனா ரெண்டு, அழிச்சா எட்டு" என்றான்.

பாவி, தெரிந்துமா நின்றாய்? இன்ஸ்பெக்டர்தான் அளக்காவிட்டாலும் எண்ணிக்கையைச் சொல் என்று கேட்டாரே! அதட்டிவிட்டேன் அவனை.

"அப்ப அந்த ஆற வாயால சொல்றதுக்கு இன்னாடா கேடு?"

அவன் பெரிய வீட்டு ஆட்கள் யாராவது கிட்டே இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"ஆண்டே எதுருல குந்திக்கினு இருக்காரு. அவரு நெலத்துல ஆறு கோலு என்னுதுன்னு எப்பிடி மிசே சொல்றது?"

கையிலிருந்த முடிச்சை வரப்பில் என் காலடியில் வைத்துவிட்டு, அடுத்த பிடி நாற்றுக்குக் குனிந்தான். பள்ளிக்கூடத்து மணியை அடிக்க நேரமாகிவிட்டது. நான் போய் அடித்தேன்.